பாஸ்போர்ட்டின் அடியில் இரண்டு வரிகள்

செங்கல் ஊரிலிருந்து உதியன்குளங்கரை போய் பஸ் பிடித்துப் பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை. அங்கே மாநிலம் மாறிவிடுகிறது. பஸ்ஸில் இருப்பவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அக்கா வீடு அந்தப் பக்கம், தங்கச்சி வீடு இந்தப் பக்கம் என்று குடும்பங்கள் இரண்டு மாநிலத்திலும் இருக்கின்றன. பெண் எடுப்பதும் கொடுப்பதும் சந்தைக்குப் போவதும் ஒருநாளும் நிற்கவில்லை. இந்த எல்லைக்கோட்டைக் கடக்க ஆளிடம் அடையாளத் தாள் கேட்கும் வழக்கமே கிடையாது.

2020 மே மாதம் கேட்டார்கள். கொரோனா ஊரடங்கில் மாட்டிக்கொண்டவர்கள் கேரளத்துக்குத் திரும்ப அரசு திறந்துவிட்ட ஆறு வாசல்களில் ஒன்று, பாறசாலையை அடுத்த இஞ்சிவிளை. அங்கே வந்து நிற்பவர் கையில் இரண்டு அனுமதி இருக்க வேண்டும். புறப்பட்ட மாநிலம் தந்த பாஸ் ஒன்று. கேரளத்தின் ஜாக்ரதா தளத்தில் பதிந்து வாங்கிய பாஸ் இன்னொன்று. எந்த நாளில், எந்த வண்டியில், எந்த வாசல் வழியாக என்பதெல்லாம் அதில் இருக்கும். கூடவே காய்ச்சல் பரிசோதனை. தலைமுறை தலைமுறையாக நடந்துபோன பாதையில், எல்லை என்றால் என்ன என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

நாடு விட்டு நாடு போகும்போது கேட்கப்படுவதும் இதுதான். நீங்கள் யார், எதற்காக வருகிறீர்கள், உங்கள் உடம்போடு என்ன வருகிறது. முதல் கேள்விக்கு உங்கள் நாடு பதில் சொல்கிறது, அது பாஸ்போர்ட். இரண்டாவதற்குப் போகிற நாடு முன்கூட்டியே சம்மதம் தருகிறது; அது விசா. மூன்றாவதற்குத் தடுப்பூசி அட்டையும் மருத்துவப் பரிசோதனையும். கல்ஃபுக்கு ஆள் போகாத வீடு குறைவாக உள்ள இந்தப் பக்கத்தில் இம்மூன்றும் எல்லாருக்கும் பழக்கமான பொருள்கள். ஆனால் அவை எப்படி வேலை செய்கின்றன என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அதற்குள் அழகான கணக்கும் இயற்பியலும் உயிரியலும் இருக்கின்றன.

பாஸ்போர்ட் என்ற இந்தச் சிறு புத்தகத்துக்கு இப்போதுள்ள வடிவம் வந்து நூறாண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. முதல் உலகப் போருக்கு முன் பல நாடுகளுக்குப் பாஸ்போர்ட் இல்லாமலே போய்வர முடிந்தது. போர்க்காலத்தில் ஒற்றர் பயத்தால் வந்த கட்டுப்பாடு, போர் முடிந்தும் போகவில்லை. 1920-இல் பாரிஸில் உலக நாடுகள் சங்கம் கூட்டிய மாநாடு, எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டும் 32 பக்கப் புத்தகமாக ஒரே மாதிரி இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. அதே 1920-இல் இந்தியாவுக்குள் வருவோருக்கான பாஸ்போர்ட் சட்டமும் வந்தது. அந்தச் சட்டம் 2025 செப்டம்பர் 1 வரை நடப்பில் இருந்தது என்றால் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

வெளியே போகும் உரிமைக்குத் தனிக் கதை உண்டு. பாஸ்போர்ட் தருவதும் மறுப்பதும் அதிகாரிகளின் விருப்பமாக இருந்த காலத்தில், வெளிநாடு போவதும் தனிமனித சுதந்திரத்தில் சேர்ந்தது என்று 1967 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் சொன்னது. அதன் பிறகுதான் 1967-இன் பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. 1977-இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் முடக்கப்பட்டதை ஒட்டி எழுந்த வழக்கு, 1978 ஜனவரியில் தனிமனித சுதந்திரத்தைக் காக்கும் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவுக்கே புதிய பொருள் தந்தது. இன்று நெய்யாற்றின்கரை பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் சலுகை கேட்டு வரவில்லை. தன் உரிமையைப் பெற வந்திருக்கிறார்.

கையில் பாஸ்போர்ட் இருந்தால் போட்டோ உள்ள பக்கத்தைத் திறந்து பாருங்கள். அடியில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கோணக் குறிகளுமாக இரண்டு வரிகள் ஓடும். ஒவ்வொரு வரியிலும் சரியாக 44 இடங்கள். மாண்ட்ரியலில் தலைமையகம் கொண்ட சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1980-இல் வகுத்த விதி இது. அதற்கு முன் இமிக்ரேஷன் அதிகாரி ஒவ்வொரு பெயரையும் எண்ணையும் கண்ணால் படித்துக் கையால் எழுதினார். கையால் எழுதிய பாஸ்போர்ட்டுகளை உலகம் முழுவதும் விலக்க 2015 நவம்பர் 24 கெடு வைக்கப்பட்டது. அந்தச் சமயத்தில் பழைய பாஸ்போர்ட்டை மாற்றக் கல்ஃபிலேயே தூதரக வாசலில் காத்துநின்றவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அந்த இரண்டு வரிகளின் எழுத்து வடிவமும் தனியானது. எழுத்தை மனிதன் படிக்கும்போது உறுத்தக் கூடாது, இயந்திரம் படிக்கும்போது குழம்பக் கூடாது என்ற இரட்டை நிபந்தனையோடு, 1968-இல் சுவிட்சர்லாந்தின் ஏட்ரியன் ஃப்ரூட்டிகர் வடித்த எழுத்து அது. அதை அச்சிடும் கறுப்பு மையும் தனி வகை. பாஸ்போர்ட் பக்கத்தின் பின்னணியில் நெளிநெளியாக எத்தனை வண்ணக் கோடுகள் இருக்கின்றன என்று பாருங்கள். கவுன்டரில் உள்ள கருவி அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சும்போது அந்த வண்ணங்கள் எல்லாம் மறைந்துபோகும். கறுப்பு வரிகள் மட்டும் தெளிவாக நிற்கும். நம் கண்ணுக்குத் தெரியாத, ஏறத்தாழ 900 நானோமீட்டர் அலைநீள ஒளியை அந்த மை விழுங்கிக்கொள்வதுதான் காரணம். பிறகு புற ஊதா ஒளி. சாதாரண வெள்ளைத் தாள் அந்த ஒளியில் நீலமாக ஒளிரும், ஏனென்றால் அதில் வெளுப்பூட்டி கலந்திருக்கும். பாஸ்போர்ட் தாள் மங்கலாகவே கிடக்கும். அதில் கலந்த நார்களும் மறை அச்சும் மட்டும் மின்னும். புத்தகம் கருவியின் மேல் கிடக்கும் இரண்டு மூன்று விநாடிக்குள் இத்தனையும் நடந்துவிடுகிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது அந்த வரிகளுக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு. இரண்டாம் வரியில் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஒவ்வொன்றையும் அடுத்து ஒற்றை இலக்கம் ஒன்று வரும். அது சரிபார்ப்பு இலக்கம். அதைக் கண்டுபிடிக்கும் முறை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் வரும்.

மாநிலங்கள் பிரிந்த அந்த 1956 நவம்பர் 1 அன்று பிறந்த ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் அவருடைய பிறந்த தேதி 561101 என்று அச்சாகும். இந்த ஆறு இலக்கங்களையும் முறையே 7, 3, 1, 7, 3, 1 என்ற எண்களால் பெருக்க வேண்டும். 35, 18, 1, 7, 0, 1 என்று வரும். கூட்டினால் 62. அதன் கடைசி இலக்கம் 2. தேதிக்குப் பக்கத்தில் அச்சாகியிருப்பதும் அந்த 2 தான். இப்போது யாரோ அவசரத்தில் 56-ஐ 65 என்று மாற்றித் தட்டிவிட்டால் கூட்டுத்தொகை 66 ஆகிவிடும். கடைசி இலக்கம் 6; அச்சில் இருப்பதோ 2. கணினி உடனே நிறுத்திவிடும்.

ஏன் 7, 3, 1? ஏழாம் வாய்ப்பாட்டில் கடைசி இலக்கங்களை மட்டும் சொல்லிப் பாருங்கள்: 7, 4, 1, 8, 5, 2, 9, 6, 3, 0. ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. மூன்றாம் வாய்ப்பாடும் அப்படியே. ஐந்தாம் வாய்ப்பாட்டில் 5-ம் 0-வும்தான் மாறி மாறி வரும். இரண்டாம் வாய்ப்பாட்டில் பாதிக்குமேல் தாண்டினால் பழையதே திரும்பும். 10-ஓடு பொது வகு எண் இல்லாத 1, 3, 7 போன்ற எண்களுக்கே இந்தக் குணம் உண்டு. அதனால் ஓர் இலக்கம் மாத்திரம் தவறினால், எந்த இடத்தில் எப்படித் தவறினாலும், இந்தக் கணக்கிலிருந்து அது தப்பவே முடியாது.

இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால்? பெரும்பாலும் பிடிபடும், ஆனால் இரண்டுக்கும் இடையே வித்தியாசம் சரியாக 5 என்றால் தப்பிவிடும். 1961-இல் பிறந்தவரின் 61 என்பது 16 ஆகிவிட்டால் ஒரு கூட்டல் 45, மற்றது 25. இரண்டும் 5-இல்தான் முடிகின்றன. எழுத்துகளுக்கும் எண் மதிப்பு உண்டு: ஆங்கில முதல் எழுத்து 10, அடுத்தது 11 என்று 35 வரை போகும். அந்தக் கணக்கில் 'ஜி' என்ற எழுத்துக்கு மதிப்பு 16. அதையும் 6 என்ற எண்ணையும் இந்தக் கணக்கு ஒன்றாகவே பார்க்கும். வரியின் கடைசியில் எண்ணையும் இரண்டு தேதிகளையும் சேர்த்துச் சரிபார்க்க இன்னோர் இலக்கம் இருந்தாலும், அதுவும் 7, 3, 1 கணக்கேதான் என்பதால் இந்தப் பலவீனம் அப்படியே தொடர்கிறது.

ஆனால் கவலைப்பட வேண்டிய இடம் இது இல்லை, முதல் வரிதான். அங்கே முதலில் பாஸ்போர்ட் வகை, பிறகு நாட்டின் மூன்றெழுத்து, மீதி 39 இடங்களில் உங்கள் பெயர். குடும்பப் பெயர் முதலில் வரும். இரண்டு கோணக் குறி விட்டு, வைத்த பெயர். அந்த முதல் வரிக்குச் சரிபார்ப்பு இலக்கமே கிடையாது. எண்ணைக் காக்கக் கணக்கு இருக்கிறது, தேதியைக் காக்கக் கணக்கு இருக்கிறது. பெயரைக் காக்க அதன் சொந்தக்காரரைத் தவிர ஒருவரும் இல்லை.

நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயம். குடும்பப் பெயர், வைத்த பெயர் என்ற பிரிவு நம்முடையது அல்ல. பாறசாலைப் பக்கம் ஒரே தெருவில் ஒருவருடைய இனிஷியல் வீட்டுப் பெயராக இருக்கும், அடுத்தவருடையது அப்பா பெயராக இருக்கும், மூன்றாமவருக்கு இரண்டும் சேர்ந்து இரண்டு இனிஷியல். பாஸ்போர்ட்டில் புள்ளி வைத்த இனிஷியல் செல்லாது. விரித்து எழுத வேண்டும். விரிப்பது அக்ஷயா மையத்தில் படிவம் நிரப்பும் பிள்ளையின் கையில் போகிறது. அவர் ஒன்றை எங்கே போடுகிறாரோ அதுவே வாழ்நாள் முழுவதும் உங்கள் குடும்பப் பெயர். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஓர் எழுத்துக் கூட்டல், ஆதாரில் இன்னொன்று, விமான டிக்கெட்டில் மூன்றாவது ஒன்று என்று ஆகிவிட்டால், கவுன்டரில் நிற்பவரிடம் தான் ஒரே ஆள்தான் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு பயணியின் தலையில் விழுகிறது.

குடும்பப் பெயர் இடத்தை வெறுமனே விட்டு ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் எடுத்தவர்களும் ஏராளம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்று அறிவித்தபோது எத்தனை வீடுகளில் பதற்றம்! இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று சில நாட்களில் விளக்கம் வந்தது. அமெரிக்க விசாவில் வைத்த பெயர் தெரியாதவர் என்று பொருள்படும் மூன்று எழுத்துகளை அச்சிட்டுவிடுவார்கள். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் பாஸ்போர்ட்டில் தெளிவாக இருக்க, அதைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டதால் வந்த வினை அது.

இந்தியாவில் 2024 ஏப்ரல் முதல் சோதனை முறையில் சில ஊர்களில் தொடங்கிய சிப் பாஸ்போர்ட் இதைத் தீர்க்குமா என்று கேட்கலாம். அட்டையில் சிறு பொன்னிறக் குறியோடு வருவது அது. உள்ளே மெல்லிய சிப்பும் ஆண்டெனாவும். மின்கலம் கிடையாது, படிக்கும் கருவியின் காந்தப்புலமே அதற்கு மின்சாரம் ஊட்டுகிறது. சட்டைப் பையில் இருப்பதை வழியில் போகிறவன் படித்துவிட முடியாது. ஏனென்றால் சிப்பைத் திறக்கும் சாவி அந்த அடி வரிகளில் இருக்கிறது. பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி மூன்றையும் புத்தகத்தைத் திறந்து படித்த கருவிக்கே சிப் பேசும். உள்ளே உள்ள தகவலின் மேல் நாடு ஒரு மின்னணுக் கையொப்பம் இட்டிருக்கும். அரக்கு முத்திரை மாதிரிதான். ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை உடைந்தது தெரிந்துவிடும். கள்ளப் பாஸ்போர்ட்டுக்கு இது பெரிய தடை. ஆனால் படிவத்திலேயே பெயர் தப்பாகப் போயிருந்தால், முத்திரை அந்தத் தப்பான பெயரின் மேல்தான் விழும்.

விசாவுக்கு வருவோம். அது உள்ளே விடும் உத்தரவாதம் அல்ல; வாசலுக்கு வந்து கேட்க அனுமதி. கடைசி முடிவு அந்த நாட்டு இமிக்ரேஷன் அதிகாரியுடையது. திருப்பி அனுப்பினால் கொண்டுவந்த விமான நிறுவனமே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அதனால்தான் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் போர்டிங் பாஸ் தரும் பெண்ணே அவ்வளவு கேள்வி கேட்கிறார். அவருடைய திரையில் டிமாட்டிக் என்ற தகவல் தளம் இருக்கும்: எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு எந்த நாட்டில் என்னென்ன வேண்டும், எத்தனை மாதம் காலாவதி பாக்கி இருக்க வேண்டும், திரும்பி வரும் டிக்கெட் வேண்டுமா என்பதெல்லாம் அதில். பல நாடுகள் ஆறு மாதம் பாக்கி கேட்கும். ஐந்தரை மாதம் பாக்கியுள்ள பாஸ்போர்ட்டோடு போனவர் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

விசாவில் எழுதியிருக்கும் வகைதான் உயிர் நாடி. பாஸ்போர்ட்டுக்கும் வகை உண்டு: பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈ.சி.ஆர். (எமிக்ரேஷன் சோதனை தேவை) வகையில் வரும். 1983-இன் எமிக்ரேஷன் சட்டப்படி, அவர்கள் கல்ஃப் நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி பெற வேண்டும். அதற்கான அலுவலகம் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் உண்டு. அந்த அனுமதியோடு 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும், வேலை ஒப்பந்தத்தைச் சரிபார்க்கும் பாதுகாப்பும் வருகின்றன. பலர் இதைத் தொந்தரவு என்று நினைத்து, விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற ஏஜென்ட் பேச்சை நம்புகிறார்கள். விசிட்டுக்குப் போகிறவருக்கு எமிக்ரேஷன் அனுமதி தேவையில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் ஆள் கடத்தல் நடக்கிறது. கம்போடியாவில் கணினி வேலை என்று அழைத்துப் போய் ஆன்லைன் மோசடிக் கூடங்களில் அடைத்தவர்களும் சுற்றுலா விசாவில்தான் ஆள் கொண்டுபோனார்கள். ரஷ்யாவில் காவல் வேலை என்று நம்பிப் போய் 2024-இல் போர்முனையில் மாட்டிக்கொண்டவர்களில் நம் திருவனந்தபுரம் மாவட்டத்து அஞ்சுதெங்குக் கடற்கரைப் பையன்களும் உண்டு.

இன்னொன்று. பாஸ்போர்ட் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, பாஸ்போர்ட் எப்போதும் இந்திய அரசின் சொத்து. அதை வாங்கிப் பூட்டி வைக்க எந்த முதலாளிக்கும் எந்த ஏஜென்ட்டுக்கும் உரிமை இல்லை.

மூன்றாவது கேள்வி உடம்பு. கல்ஃபுக்குப் போகிறவர்களுக்குக் காம்கா மெடிக்கல் என்று நாம் சொல்லும் பரிசோதனை தெரியும். ஆப்பிரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு மஞ்சள் அட்டை வேண்டும்: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று. கென்யாவோ நைஜீரியாவோ போய்த் திரும்புகிறவரிடம் அந்த அட்டை இல்லாவிட்டால் இந்தியா ஆறு நாள் வரை தனிமைப்படுத்தும். சொந்த நாட்டுக்காரரையே ஏன் இப்படி என்று கோபப்படுவோர் உண்டு. காரணம் நம் ரப்பர் தோட்டத்தில் இருக்கிறது.

நெய்யாற்றின்கரை தாலுகாவின் மேட்டு நிலமெங்கும் ரப்பர். மழைக்காலத்தில் பால் வெட்டு நிற்கும்போது மரத்தில் கட்டிய சிரட்டையும் கிண்ணமும் நிமிர்ந்தே இருந்தால், உள்ளே மழைநீர் தேங்கும். ஏடிஸ் கொசு முட்டையிட அதைவிட வசதியான இடம் கிடையாது. ஆண்டுதோறும் டெங்கு பரப்புவது இந்த இனம்தான். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மஞ்சள் காய்ச்சல் பரப்புவதிலும் இதே ஏடிஸ் இனக் கொசுக்களுக்குப் பங்கு உண்டு. கொசு இங்கே இருக்கிறது, வெயிலும் மழையும் இருக்கின்றன, எதிர்ப்புச் சக்தி இல்லாத கோடிக்கணக்கான மக்கள் இருக்கிறார்கள். இல்லாதது வைரஸ் ஒன்றுதான். ஆசியாவில் இந்த நோய் ஏன் இதுவரை வேரூன்றவில்லை என்பது அறிவியலாளர்கள் இன்னும் விவாதிக்கும் புதிர். 2016-இல் அங்கோலாவில் நோய் பரவியபோது அங்கே வேலை பார்த்த சீனத் தொழிலாளர்கள் 11 பேர் அதை உடம்பில் சுமந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். ஆசியா அதற்கு முன் பார்த்திராத காட்சி அது. அங்கிருந்து பரவாமல் போனது உலகின் நல்ல காலம்.

மாக்ஸ் தைலர் 1937-இல் உருவாக்கிய தடுப்பூசியின் வழித்தோன்றலைத்தான் இன்றும் போடுகிறார்கள். அவருக்கு 1951-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே ஊசி. 2016 ஜூலை முதல் அந்த அட்டை ஆயுள் முழுவதும் செல்லும். ஆனால் ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லுபடியாகும். உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க அவ்வளவு நாள் வேண்டும். பயணத்துக்கு முந்தின நாள் ஊசி போட்டுக்கொள்வதில் பயனில்லை. பணம் கொடுத்து வெற்று அட்டை வாங்குகிறவர், திரும்பி வரும்போது தன் வீட்டுப் பின்புறத்து ரப்பர் தோட்டத்துக்கே ஆபத்தைக் கொண்டுவரக்கூடும்.

வெளிநாடு போக நினைப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. படிவத்தைச் சமர்ப்பிக்கும் முன் உங்கள் பெயரை எழுத்தெழுத்தாக நீங்களே படியுங்கள், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் கையில் பணம் கொடுக்கும் முன், அவர் பெயர் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் உரிமம் பெற்றோர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். சந்தேகம் வந்தால் எல்லைக்கு இந்தப் பக்கம் கேரள அரசின் நோர்காவும், அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் அயலகத் தமிழர் நலத் துறையும் இருக்கின்றன. விசாத் தாள் கைக்கு வந்ததும், அதில் எழுதியிருக்கும் வகை உங்களுக்குச் சொல்லப்பட்ட வேலையா என்று படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அது வேலை விசா இல்லையென்றால் விமானம் ஏறாதீர்கள்.